ஒரு பல்லும் பாதிச் சாட்சியும்

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்தாள். நன்றாகப் படித்தவள், நல்ல உத்தியோகத்தில் இருப்பவள். "டீச்சரே, ரூட் கெனால் செய்யணுமாம். நோவுமா?" என்று கேட்டாள். இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். நோவுமா என்று கேட்காதே, எத்தனை தடவை வரச் சொன்னார்கள், சொன்ன நாளில் போவாயா என்று உன்னை நீயே கேட்டுக்கொள் என்றேன். அவள் பயந்து போய்விட்டாள். பாவம், ஆறுதல் தேடி வந்தவள். அவளை உட்காரவைத்து, என் கதையைச் சொல்லித்தான் அனுப்பினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. குன்னத்துகாலுக்குப் பக்கத்தில் மிஷன்காரர்கள் காலத்துப் பள்ளி ஒன்றில் ஒன்றாம் வகுப்புக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எல்லைப் போராட்டம் சூடாக இருந்த வருஷங்கள். நெய்யாற்றின்கரைத் தாலுகா தமிழ்நாட்டோடு போகுமா, மலையாளத்துப் பக்கமே நிற்குமா என்பதுதான் சந்தையிலும் சபையிலும் பேச்சு. வீட்டில் நாங்கள் தமிழ். கடையில் மலையாளம். இரண்டும் ஒரே நாக்கில் சண்டையில்லாமல் கிடந்தன. சண்டையெல்லாம் கூட்டங்களில்தான். என் அண்ணன் அந்தக் கூட்டங்களில் முன்வரிசை ஆள். ஹர்த்தால் என்றால் அமரவிளைப் பாலத்தடியில் சாலையை மறிக்க முதலில் போய் நிற்பவன் அவன்.

என் தொல்லை வேறு. மேல்வரிசை முன்பல் ஒன்று, சின்ன வயதில் விழுந்து முனை உடைந்தது, இப்போது நோவெடுக்கத் தொடங்கியிருந்தது. சூடாக எதுவும் குடிக்க முடியாது. பச்சைத் தண்ணீர் பட்டாலும் உயிர் போகும். சந்தையில் பல் பிடுங்குகிறவர் ஒருவர் உண்டு. அவரிடம் போனால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் முன்பல்! வாயைத் திறந்தால் ஓட்டை. 'த' சொல்லிக்கொடுக்க வேண்டிய டீச்சரின் வாயில் காற்றுதான் வரும். இது நான் மற்றவர்களிடம் சொன்ன காரணம். உண்மையான காரணம், நான் அழகாக இருக்க ஆசைப்பட்டேன். அதில் என்ன தப்பு என்று இப்போதும் தெரியவில்லை.

நெய்யாற்றின்கரையில் கடைகளுக்கு மேலே மாடியில் பல் டாக்டர் ஒருவர் வந்திருப்பதாகவும், பல்லைப் பிடுங்காமலே உள்ளே இருக்கும் நரம்பை எடுத்துவிட்டுப் பல்லை நிறுத்திவிடுவார் என்றும் கேள்விப்பட்டேன். அவர் மலையாளி. அண்ணனிடம் வாய் திறக்க முடியுமா? "நாகர்கோவிலுக்குப் போவோம், நம்ம ஆளு உண்டு" என்பான், போகமாட்டான். அம்மையிடம் மட்டும் சொல்லிவிட்டு, பள்ளியில் கல்வி ஆபீஸ் வேலை என்று சொல்லி ஒரு புதன்கிழமை அரை நாள் லீவு எடுத்துப் போனேன்.

டாக்டர் குட்டையான மனிதர், சிரிக்காத முகம். ஒரு சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். பல்லைக் கம்பியால் தட்டினார். நான் துள்ளினேன். "ஜீவன் உண்டு. கொன்னிட்டு வேணம் எடுக்கான்" என்றார். பல்லில் உயிர் இருக்கிறதாம். அதைக் கொன்றுவிட்டுத்தான் எடுக்க வேண்டுமாம். எனக்கு எழுந்து ஓடலாம் போல இருந்தது. அவர் காலால் மிதிக்க மிதிக்கச் சுற்றும் ஒரு மிஷின், தையல் மிஷின் மாதிரி, அதன் முனையில் ஊசி. பல்லின் பின்பக்கத்தில் துளைத்தார். மண்டைக்குள் ஒரு வண்டு புகுந்து சுற்றுவது போல இருந்தது. அந்தத் துளைக்குள் குண்டூசித் தலையளவு மருந்து வைத்து, கிராம்பு வாடை அடிக்கும் வெள்ளை மாவால் அடைத்தார்.

"இது விஷம் கலந்த மருந்தாணு. இன்னு நல்ல வேதனை காணும், நாளெ மாறும். அடுத்த புதன் தீர்ச்சயாயும் வரணும். கூடுதல் திவசம் இரிக்கான் பாடில்ல." ஒவ்வொரு சொல்லுக்கும் விரலை ஆட்டினார். அடுத்த புதன் கட்டாயம் வந்துவிட வேண்டும், மருந்து அதிக நாள் உள்ளே இருந்தால் ஈறையும் எலும்பையும் தின்றுவிடும் என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி.

அவர் சொன்னபடியே அன்று முழுக்கப் பல் விண்விண் என்று தெறித்தது. மறுநாள் மத்தியானம் எங்கேயோ போய்விட்டது. போன இடம் தெரியவில்லை.

எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியக் கஞ்சி வைக்கும் மாமி ஒருத்தி இருந்தாள். எனக்கு உறவில்லை. ஊரில் எல்லாருக்கும் அவள் மாமி. ஐம்பதைத் தாண்டியவள், விதவை, எங்கள் சபைதான். மூன்று மாதமாக நான் கஞ்சியை ஆறவைத்து, ஒரு பக்கமாகச் சாய்த்துக் குடிப்பதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல், என் பல்லுக்காகத் தினமும் ஜெபித்து வந்தாள். அந்த வியாழக்கிழமை நான் சூடான கஞ்சியை மடமடவென்று குடித்ததைக் கண்டதும் அகப்பையைக் கீழே போட்டுவிட்டாள்.

"கர்த்தரு கேட்டுட்டாரு மக்கா! நான் சொன்னேம்லா?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மாமி, நான் நேற்று டாக்டரிடம் போனேன் என்று ஒரு வரி. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. சும்மா சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. எங்கள் சபை வழக்கம் அது. காய்ச்சல் மாறினவர்கள், காணாமல் போன ஆட்டைக் கண்டவர்கள், பரீட்சையில் ஜெயித்தவர்கள் எழுந்து நின்று கர்த்தர் செய்த நன்மையைச் சொல்வார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திரு என்று கண்ணால் சொன்னாள். எழுந்தேன். டாக்டரையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன், சத்தியமாக. ஆனால் கொஞ்சம் முன்புதான், போராட்டத்தில் போலீஸ் பிடித்துப்போன எங்கள் ஊர்ப் பையன்களுக்காகச் சபை கண்ணீர்விட்டு ஜெபித்திருந்தது. ஆண்கள் பக்கம் அண்ணன் கைகட்டி உட்கார்ந்திருந்தான். அந்த இடத்தில் நின்று ஒரு மலையாளி டாக்டர் நல்லவர் என்று சொல்ல என் நாக்குப் புரளவில்லை. "மூணு மாசம் வேதனைப்பட்டேன். கர்த்தர் ஒரே நாளில் நோவை எடுத்துப்போட்டார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது.

பொய் சொல்லவில்லையே என்று எனக்கு நானே வாதாடினேன். டாக்டரை அனுப்பியவரும் கர்த்தர்தானே. வாதம் நன்றாகத்தான் இருந்தது. தூக்கம்தான் வரவில்லை.

புதன்கிழமை வந்தது. நான் போகவில்லை. சாட்சி சொன்னவளை ஊர்க்காரர் யாராவது அந்த மாடிப்படியில் பார்த்துவிட்டால்? மேலும், நோவு இல்லை. நோவில்லாத பல்லுக்கு எதற்கு டாக்டர்? ரூட் கெனாலில் மிகவும் ஆபத்தான இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஊசியோ மிஷினோ அல்ல, நோவு நின்ற அந்த நிம்மதி.

அடுத்த திங்கட்கிழமை அந்தப் பல்லை ஒட்டிய ஈறு வெளுத்து எரியத் தொடங்கியது. கண்ணாடி முன்னால் நின்று உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். சுண்ணாம்பு பட்ட மாதிரி இருந்தது. டாக்டரின் ஆடும் விரல் ஞாபகம் வந்தது. பல் மட்டுமா, எலும்பும் போகப்போகிறது என்று பயந்தேன். அந்தப் பயத்தோடு பள்ளிக்குப் போனால், கஞ்சி அடுப்புக்குப் பக்கத்தில் மாமி தாடையைச் சுற்றித் துண்டு கட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

அவளுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று பல நாளாக நோவு. புகையிலைக் காம்பை வைத்து அடக்கிக்கொண்டிருந்தாள். என் சாட்சிக்குப் பிறகு அதையும் எடுத்துப் போட்டுவிட்டு உபவாச ஜெபத்தில் இறங்கியிருந்தாள். மருந்து வேண்டாம் என்று ஒரே பிடி. "டீச்சருக்குக் கேட்ட கர்த்தரு எனக்குக் கேக்காம இருப்பாரா?" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவள் முகத்தின் பாதி, கண் வரைக்கும் வீங்கிவிட்டது. காய்ச்சல் கொதித்தது. வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். எங்கள் ஊரில் இப்படிப் பல்லில் தொடங்கிக் கழுத்துக்கு இறங்கி ஆள் போன கதை எனக்குத் தெரியும். இந்த மனுஷி என் ஒற்றைச் சாட்சியை நம்பிச் சாகப்போகிறாள் என்று அந்த நிமிஷம் புரிந்தது. பிள்ளைகள் வகுப்புக்குப் போனதும் அவள் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாடிப்படி, மிஷின், மருந்து, புதன்கிழமை, வெளுத்த ஈறு எல்லாம். சொல்லும்போதே அழுதேன். பயத்தில் பாதி, வெட்கத்தில் பாதி.

மாமி தாடைத் துண்டை அவிழ்த்தாள். பிறகு, திறக்காத வாயால், "அப்பம் நான் ஜெபிச்சது என்னாச்சு?" என்றாள்.

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். அவளே துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "சரி. பஸ்ஸு எப்பம்?" என்றாள்.

அன்றைக்கு இனி பஸ் இல்லை. மறுநாளும் இல்லை. ஹர்த்தால். என் அண்ணனும் சேர்ந்து அறிவித்த ஹர்த்தால். காலையில் அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்துக்குக் கிளம்பும்போது மறித்து நின்று அவனிடமும் எல்லாம் சொன்னேன். குதித்தான். "எட்டி, நாடு முழுக்க அடிபட்டுக் கெடக்கு, நீ ஒளிச்சுப்போய் அவன்கிட்ட வாயைக் காட்டினியா?" என்றான். நான் அவனை மாமியிடம் கூட்டிப்போனேன். அவள் முகத்தைப் பார்த்தான். சைக்கிள் கேரியரில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு மாமியை உட்கார வைத்து, தள்ளிக்கொண்டே நடந்தான். நான் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

பாலத்தடியில் அவனுடைய கூட்டாளிகள் வழியை மறித்து நின்றார்கள். "என்ன அண்ணாச்சி, இன்னைக்குப் போய் எங்க?" என்றார்கள்.

"மாறு மக்கா. பல்லுக்கு ஹர்த்தால் கெடையாது" என்றான். சிரித்துக்கொண்டே வழிவிட்டார்கள்.

டாக்டர் கதவைப் பாதி சாத்திவிட்டு உள்ளேதான் இருந்தார். என்னைக் கண்டதும் அவருக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. "ஞான் பறஞ்ஞது எந்தாணு? நீ டீச்சரல்லே?" என்று கத்தினார். நான் சொன்னது என்ன, நீ டீச்சர்தானே என்கிறார். என் வகுப்புப் பிள்ளைகளைப் போலக் கைகட்டி நின்றேன். முதலில் மாமியைப் பார்த்தார். ஈறைக் கீறிச் சீழை வெளியேற்றி, ஊசி போட்டு, அடுத்த இரண்டு நாளும் ஊசிக்கு வரவேண்டும், வெள்ளிக்கிழமை பல்லைப் பிடுங்க வேண்டும் என்றார்.

"இவளுக்க பல்லு மாதிரி நிறுத்த ஒக்காதா?" என்று அண்ணன்தான் கேட்டான்.

பத்து நாள் முன்பு வந்திருந்தால் நிறுத்தியிருக்கலாம், இனி முடியாது என்றார் டாக்டர். மாமி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலாம் என்று இருந்தது.

என் ஈறைக் கழுவி, பழைய மருந்தைச் சுரண்டி எடுத்தார். மேல்தோல்தான் வெந்திருந்தது, எலும்பு தப்பித்தது. பிறகு முடியைப் போல மெல்லிய, சின்னச் சின்ன முள் உள்ள ஒரு கம்பியைப் பல்லுக்குள் விட்டுத் திருகி இழுத்தார். நுனியில் நனைந்த நூல் போல ஒன்று வந்தது. இத்தனை நாள் என்னைப் பாடாய்ப்படுத்தியது அந்த நூல்தான். வலித்ததா என்றால், இல்லை. இழுக்கிறது தெரிந்தது, வலி தெரியவில்லை. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதன்பின் மூன்று புதன்கிழமை போனேன். ஒவ்வொரு தடவையும் மாமி கூட வந்தாள். அவளுக்குப் பல் பிடுங்கிப் புண்ணும் ஆறிவிட்டது, ஆனாலும் வந்தாள். என்னை நம்ப முடியாதாம், போகாமல் இருந்துவிடுவேனாம். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து டாக்டர் செய்கிற ஒவ்வொன்றையும் என்ன ஏது என்று கேட்பாள். கம்பிகளால் உள்ளே சுரண்டிக் கழுவுவது, மருந்தில் நனைத்த காகிதத் திரியை உள்ளே வைத்து அடைப்பது, அடுத்த தடவை அந்தத் திரியை எடுத்து மூக்கில் வைத்துப் பார்ப்பது. வாடை இருந்தால் இன்னொரு முறை கழுவ வேண்டும். கடைசி நாளில் வாடை இல்லை. மெழுகு மாதிரி இளகும் ஒரு குச்சியை உள்ளே செலுத்தி நிரந்தரமாக அடைத்தார். அது ஒரு மரத்துப் பால் உறைந்தது என்று டாக்டர் சொன்னதும் மாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "ரப்பரு! அது ஆயுசுக்கும் கெடக்கும் மக்கா" என்றாள்.

துணைக்கு வந்து வெளியில் உட்கார்ந்திருந்த அண்ணனும் டாக்டரும் தாலுகா எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொரு புதனும் வாதாடினார்கள். "தாலூக்கு எவிடெ வேணமெங்கிலும் பொய்க்கோட்டெ, பல்லு இவிடெ நில்க்கும்" என்றார் டாக்டர். தாலுகா எங்கே வேண்டுமானாலும் போகட்டுமாம், பல் இங்கேயே நிற்குமாம். அண்ணன் சிரித்துவிட்டான். கடைசியில் தாலுகா கேரளத்திலேயே நின்றது. அண்ணன் அதை நினைத்து ரொம்பக் காலம் வருத்தப்பட்டான். நானும்தான். ஆனாலும் அந்த டாக்டரிடம் போகிற வழி எங்களுக்கு அடைபடவில்லை.

பல் அடைத்த வாரமே சபையில் மறுபடி எழுந்து நின்றேன். அன்றைக்குப் பாதிதான் சொன்னேன் என்று தொடங்கினேன். நெய்யாற்றின்கரையில் மலையாளி டாக்டர் ஒருவர், ஐந்து தடவை போனேன், நடுவில் ஒரு வாரம் போகாமல் இருந்து ஈறு வெந்தது, அவர் கையால்தான் கர்த்தர் சுகம் தந்தார் என்றேன். போதகர்தான் முதலில் ஸ்தோத்திரம் சொன்னார். பிறகு மற்றவர்களும் சொன்னார்கள், கொஞ்சம் மெதுவாக. மாமியின் பல் என்னால் போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும் என்று வீட்டிலேயே ஒத்திகை பார்த்துத்தான் வந்திருந்தேன். அந்த இடம் வந்ததும் சேலைத் தலைப்பைச் சரிசெய்தேன். உட்கார்ந்துவிட்டேன். கோழைதான் நான், வேறென்ன சொல்ல?

அடுத்த புதன்கிழமை காலையில் அமரவிளை பஸ் நிறுத்தத்தில் எங்கள் சபை ஆட்கள் நாலு பேர் தாடையில் கையோடு நின்றார்கள். வழி காட்ட நானும் போயிருந்தேன். நான் வருவதற்கு முன்பே மாமி வந்து, அவர்கள் நடுவில் நின்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் பேடிக்காண்டாம். முதல்ல ஒரு மிசினு, காலால சவுட்டுவாரு. தலைக்குள்ள வண்டு கேறின மாதிரி இருக்கும், அம்புட்டுதான். பின்ன மருந்து வெச்சு அடைப்பாரு. அன்னைக்கு நல்லா நோவும். மறுநாளு நோவாது. நோவல்லன்னு வீட்டுல இருந்துராதீங்க, அங்கயாக்கும் சாத்தான் இருக்கான். சொன்ன கிழமை போவணும். பின்ன நரம்ப எடுப்பாரு, நூலு மாதிரி வரும், பாக்காண்டாம், கண்ண மூடிக்கிடணும். பின்ன கழுவுவாரு, திரி வெப்பாரு, மணத்துப் பாப்பாரு. கடைசியில ரப்பரு. அம்புட்டுதான்."

எல்லாரும் கவனமாகக் கேட்டார்கள். ஒருத்தி, "மாமிக்கு எந்தப் பல்லுல செய்தாரு?" என்று கேட்டாள்.

மாமி வாயை அகலத் திறந்து, கன்னத்தை விரலால் இழுத்து, கடைவாயில் இருந்த ஓட்டையைக் காட்டினாள். "எனக்குச் செய்யல்ல. நான் பிந்திப் போனேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

தூரத்தில் பஸ் வரும் சத்தம் கேட்டது. எல்லாரும் பைகளை எடுத்தார்கள்.

"மாமி பிந்தல்ல" என்றேன். என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. "நான் டாக்டர்ட்ட போனதை மறைச்சேன். என் சாட்சியை நம்பித்தான் மாமி மருந்தில்லாம இருந்தாங்க. மாமிக்க பல்லு போனது என்னாலயாக்கும்."

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். மாமி மட்டும் பஸ்ஸைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு என் முதுகில் கைவைத்துப் படியை நோக்கித் தள்ளினாள்.

"செரி, சொல்லியாச்சுல்லா. இனி நீ அழாத. ஏறு மக்கா, இவங்களுக்கு நேரமாவுது."